அடுத்தவர் பேரில் ஏறிய மரம்

ஏழு ஐம்பதுக்குத்தான் காரியம் கெட்டது. என் மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால். ஆனால் விழுவதை நான் கெட்டுப்போனதாகக் கணக்கில் வைப்பதில்லை. கள் இறக்கும் தொழிலில் மழை பெய்த மறுநாள் மரம் வழுக்கும், ஆள் விழுவார். அது இந்தத் தொழிலோடு வருவது. ஏழு ஐம்பதுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

பேசியது தோப்புகளில் கள் எடுக்கும் வண்டியின் டிரைவர்.

"ஏனுங்ணா, விசயம் தெரியுமா? ஆறுமுகம் மரத்துல இருந்து உழுந்துட்டாருங்க. பாலக்காட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"அவுரு தோப்பு மேனேஜர்தானுங்க சொன்னாரு."

ஆறுமுகத்தை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு இந்த வயதில் எதற்கு மழையில் ஏறினார் என்று நினைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று டீயைக் குடித்து முடித்தேன். செய்தித்தாளையும் படித்தேன். அந்த நேரத்தில் என் மகன் பிரவீன் தொடை எலும்பு முறிந்து, ஒரு ஜீப்பின் பின்சீட்டில், ஆறுமுகம் என்ற பெயரில் பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கேரள எல்லையில் பெருமாட்டிப் பக்கத்துத் தோப்புகளில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் மேற்பார்வையாளர்களும் மரம் ஏறும் தம்பிகளும் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறீர்கள். சேமநிதிக்கு இப்போதே பேர் கொடுக்க வேண்டுமா, இரண்டு வருடம் கழித்துக் கொடுத்தால் ஆகாதா என்று. கூட்டத்தில் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் தோப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன் என்றாலும், அந்தப் பதில் கூட்டத்தில் சொல்லி முடிகிற அளவு சின்னது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சேமநிதி என்பதை விளக்க வேண்டியதில்லை. கூலியில் ஒரு பங்கு பிடிப்பார்கள், தோப்பை நடத்தும் குத்தகைக்காரர் தன் பங்கைச் சேர்ப்பார், வட்டி ஏறும், வயதானபின் பணமும் மாதாமாதம் பென்ஷனும் வரும். விழுந்தால் அதற்கும் உதவி உண்டு. இவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்தில் இதோடு சேர்ந்து ஒரு பழக்கம் ஓடுகிறது. அதுதான் அடுத்தவர் பேரில் ஏறுவது.

வயதான தொழிலாளியால் தன் மரங்கள் எல்லாவற்றிலும் ஏற முடியாது. பாதி மரத்தை ஓர் இளைஞனிடம் கொடுப்பார். அவன் ஏறுவான், கள் பெரியவர் பேரில் அளக்கப்படும், கூலியைப் பிரித்துக்கொள்வார்கள். சேமநிதியும் பெரியவர் பேரிலேயே தொடரும். பெரியவருக்கு வருடம் கூடுகிறது. இளைஞனுக்குப் பிடித்தம் இல்லாமல் முழுக்காசு கிடைக்கிறது. குத்தகைக்காரருக்கு ஓர் ஆளுக்குக் கட்டும் பங்கு மிச்சம். மூன்று பேருக்கும் சௌகரியம். மேற்பார்வையாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: தோப்பில் எல்லோருக்கும் சௌகரியமாக ஓர் ஏற்பாடு ஓடினால், அதற்கான விலையை அங்கே இல்லாத யாரோ கொடுக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது அதே இளைஞன்தான், ஆனால் வயதான பிறகு.

இளைஞர்கள் இதற்கு ஒத்துக்கொள்வது காசுக்காக மட்டும் இல்லை. பிரவீன் பி.காம். படித்தவன். வேலை கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் மரம் ஏறப் போனான். சேமநிதியில் பேரைச் சேர் என்று நான் சொன்னபோது அவன் சிரித்தான்.

"எனக்கு இருவத்திரண்டு வயசுப்பா. இப்பவே பென்சனா?"

"அதுக்குத்தான் இப்பவே சேரச் சொல்றேன்."

"பேரு அதுல ஏறிருச்சுன்னா அப்பறம் நான் மரம் ஏறறவன்னு ஆயிரும். நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா, அங்க எவனாச்சும் விசாரிச்சுச் சொல்லிருவான்."

என் மனைவியும் அவன் பக்கம். "ஏனுங்க, அவன் சொல்றது சரிதானுங்க. கலியாணம் ஆகட்டும், அப்பறம் எத வேணா சேத்துக்கட்டும். பேரு கெடாம இருக்கோணும்."

இதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். மரம் ஏறலாம், அதில் வரும் காசைக் கொண்டுவரலாம், பேர் மட்டும் அங்கே ஏறக் கூடாது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தோப்பிலேயே பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. யார் பேரில் ஏறுகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அது எனக்குத் தெரிந்தவருடைய பேராகத்தான் இருக்கும். தெரிந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது.

எட்டரைக்கு அவனுடைய கூட்டாளி ஒருவன் என் மனைவிக்குப் போன் செய்தான். போனை என்னிடம் நீட்டினாள். விழுந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாலக்காட்டில் அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவின் வெளியே வரிசையாக நாற்காலிகள். உள்ளே விடவில்லை, கூப்பிடுவார்கள் உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தோம். நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து, "ஆறுமுகத்தின்டெ கூடெ ஆரா உள்ளது?" என்று கூப்பிட்டார். ஆறுமுகத்தோடு வந்தவர் யார் என்று கேட்கிறார். நான் சுற்றிப் பார்த்தேன். ஆறுமுகத்தின் வீட்டுக்காரர் யாரும் வரவில்லையே என்று நினைத்தேன். டிரைவர் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. இரண்டு பேருமே விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுகூடத் தோன்றியது. அவர் மறுபடி வந்து கூப்பிட்டார். மறுபடியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. என் மகனுக்காக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றாவது முறை நர்ஸ் கூப்பிட்டபோது, குத்தகைக்காரரின் மேனேஜர் வெளியிலிருந்து ஓடிவந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். நான் வேறொரு குத்தகைக்காரரிடம் இருந்தாலும் கள் அளக்கும் இடத்தில் தினமும் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணா, பயப்படாதீங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல. தொடையில ஆபரேசன் பண்ணோணும்ங்கறாங்க. நர்ஸு ஆறுமுகம்னு கூப்புட்டா நீங்க போங்க."

"ஏன் ஆறுமுகம்னு கூப்புடறாங்க?"

"தம்பி அவுரு பேர்லதானுங்க ஏறினான். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் அவசரப் பிரிவின் கதவைப் பார்த்தேன்.

"நீங்க இந்த லைன்லயே இருந்தவரு, உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா? ஆறுமுகம்னா சேமநிதி இருக்குது, ஆபரேசனுக்கு உதவி இருக்குது, எங்க முதலாளியும் பாத்துக்குவாரு. பிரவீன்னா என்னங்ணா இருக்குது? ஒண்ணுமில்ல."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிரவீன் என்ற பெயருக்கு அந்தத் தோப்பில் ஒன்றுமே இல்லைதான். இரண்டு வருடம் தினமும் ஏறி இறங்கியிருக்கிறான். அந்த இரண்டு வருடத்தில் அவன் அங்கே இருந்ததாக எங்கும் பதிவு இல்லை.

நர்ஸிடம் போனேன். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் பிரவீன் கண்ணை மூடிக் கிடந்தான். கையில் ஆறுமுகம் என்று பேர் எழுதிய பட்டை கட்டியிருந்தார்கள். நர்ஸ் அவசரத்தில் இருந்தார். சர்க்கரைக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார்.

"ஷுகருக்கு என்ன மருந்து கழிக்குது? இன்னைக்கு இன்சுலின் எடுத்ததா?"

ஆறுமுகம் அதே ஆஸ்பத்திரியில் முன்பு சர்க்கரைக்காகப் படுத்திருந்தவர். பேரையும் ஊரையும் சொன்னதும் கம்ப்யூட்டரில் அவருடைய பழைய விவரங்கள் வந்து நின்றிருக்கின்றன. என் மகனின் ரத்தத்தை அப்போதுதான் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் முகத்தை யாரும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. சேறும் பாசியும் அப்படியே இருந்தன.

மேனேஜர் என் பின்னாலிருந்து, "மருந்து வீட்டுல இருக்குதுங்க சிஸ்டர், கேட்டுச் சொல்றோம்" என்றார்.

தம்பிகளே, நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் அறிவு, நேர்மை, துணிச்சல் எல்லாம் கொஞ்சம்தான் உதவுகின்றன. நான் அங்கே நின்றபடி உண்மையில் யோசித்தது ஒன்றைத்தான்: என்னிடம் பணம் இருக்கிறதா? இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வேலையிலிருந்து விலகியபோது சேமநிதியிலிருந்து வந்த பணம் வங்கியில் அப்படியே கிடந்தது.

அந்தப் பணத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடித்தது அற்பத் தொகை. ஒரு சினிமாவுக்கும் டிபனுக்கும் போயிருக்கும். கடைசி வருடங்களில் பிடித்தது பெரிய தொகை. ஆனால் மொத்தமாகக் கைக்கு வந்தபோது, அந்தச் சின்னப் பிடித்தங்கள் செய்திருந்த வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். அவை அவ்வளவு காலம் உள்ளேயே கிடந்து வட்டிக்கு வட்டி என்று வளர்ந்திருந்தன. கடைசியில் கட்டிய பெரிய பணத்துக்கு வளர நேரமே கிடைக்கவில்லை. கூலி உயர்ந்தபின் நிறையக் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது நம் எல்லோருக்கும் வருகிற யோசனை. அது நடப்பதில்லை. இருபது வயதில் விட்ட வருடத்தை நாற்பது வயதில் வாங்க முடியாது.

அந்தப் பணம் இருந்ததால்தான் என் வாயிலிருந்து உண்மை வந்தது. அது இல்லாத ஒரு தகப்பன் அங்கே நின்றிருந்தால் ஆறுமுகம் என்றுதான் சொல்லியிருப்பான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

"சிஸ்டர், இவன் ஆறுமுகம் இல்ல. பேரு பிரவீன். என் பையன். இருவத்துமூணு வயசு. சர்க்கரை எதுவும் கெடையாது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த கோபத்தில் தமிழ் முழுதாக மறந்துபோய், மலையாளத்திலேயே எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். ஆளை மாற்றிச் சொல்ல இதென்ன ரேஷன் கடையா என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கையில் கட்டிய பட்டையை வெட்டி எறிந்தார். டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பிரவீன் கண்ணைத் திறந்தான். "அப்பா, எதுக்குச் சொன்னீங்க?" என்றான்.

"வலிக்குதா?"

"எதுக்குப்பா சொன்னீங்க? ஆறுமுகண்ணன் மாட்டிக்குவாரு."

மேனேஜர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். இப்போது தோளில் கை போடவில்லை.

"அப்படீன்னா இந்தப் பையன எங்களுக்குத் தெரியாதுங்க. எங்க தோப்புல இவன் எதுக்கு ஏறினான்னு நாங்கதான் கேக்கோணும். போலீஸு எழுத வருவாங்க. அங்க நான் இதத்தான் சொல்லுவேன். நீங்களே தேடிக்கிட்டதுங்க."

நான் பயந்தேன். ஆபரேஷனுக்குப் பணம் கட்டிவிடலாம். ஆனால் மகன் அடுத்தவர் தோப்பில் அனுமதியில்லாமல் ஏறியவன் என்று எழுதப்பட்டுவிட்டால்? கால் சரியாகாமல் போனால், வேலை செய்யும் இடத்தில் விழுந்தவன் என்று அவனுக்காகப் பேச எதுவும் இருக்காது. அவன் தொழிலாளிதான் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஆள். அவர் அதைச் சொன்னால் தன் பேரில் வேறொருவனை ஏற்றியதை ஒத்துக்கொண்டதாகிவிடும். சேமநிதியில் அவருக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லது செய்ய மாட்டார்கள்.

என் மனைவி, "ஆறுமுகண்ணனுக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

"எந்த முகத்தோட கேக்கறது? வந்து உன் பென்சனைக் கெடுத்துக்கோன்னா?"

"நானாச்சும் பண்றேன், குடுங்க."

அவளையும் நான் விடவில்லை.

ஆறுமுகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில், நான் மேற்பார்வையாளனாகச் சேர்ந்த அதே தோப்பில் மரம் ஏற வந்தார். வந்த அன்றைக்கே, சேமநிதி பிடிப்பீர்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பட்டப்பெயர் "பென்சனு". "ஏய் பென்சனு, ஊடு கட்டிட்டயா?" என்று மரத்துக்கு மரம் கேலி பறக்கும். அவர் சேர்ந்தது யோக்கியர் என்பதால் இல்லை. சீட்டாட்டத்தில் கையில் இருப்பதையெல்லாம் விடுகிற ஆள். "கைக்கு வந்தாத்தானுங்க ஆடறேன். வராத காசை எப்படி ஆடறது?" என்பார். அவர் சேமித்தது அந்த ஒரு வழியில்தான். கல்யாணத்துக்கும், வீட்டுக்கும், மகள் படிப்புக்கும் கடன் வாங்கினாரே தவிர, சேமநிதியில் கை வைக்கவில்லை. பின்னாளில் சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனது. மரத்தில் கால் பதிவது தெரியவில்லை என்றார். வருடம் கணக்கில் சேரட்டும் என்று பாதி மரத்தை வேறொருவரிடம் விட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வேறொருவர் என் மகன் என்றுதான் தெரியாது.

பிரவீன் இப்போது நடக்கிறான். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். லேசாகச் சாய்ந்து நடப்பான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். சேர்ந்த அன்று அவன் கேட்ட முதல் கேள்வி, பிடித்தம் எந்த மாதத்திலிருந்து என்பதாம். அங்கேயும் சிரித்தார்களாம்.

ஆபரேஷன் முடிந்து அவனை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. போலீஸ்காரர் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தமிழ் தெரிந்தவர். மேனேஜர் அவரிடம் முதலில் பேசிவிட்டார். எங்கள் ஆள் பட்டியலில் இப்படி ஒரு பையன் இல்லை, இளநீர் பறிக்க ஏறியிருப்பான், நாங்கள் மனிதாபிமானத்தில் தூக்கி வந்தோம் என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

"வேலைக்குத்தான் ஏறினான்னு சொல்றீங்க. யாராவது சொல்வாங்களா?"

கூட ஏறும் பையன்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். மேனேஜர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் யாரோ ஒருவர் பேரில் ஏறுகிறவர்கள்தான். நான் அவர்களைக் கேட்கவில்லை.

அப்போது காலையில் இருந்த அதே நர்ஸ், வார்டு வாசலில் நின்ற ஒருவரைத் தடுத்துப் பேசுவது கேட்டது.

"விசிட்டிங் நேரமாயில்லா. யாரப் பாக்கணும்? பேரு என்ன?"

"ஆறுமுகமுங்க."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில விழுந்தது நீங்களா?"

"இன்னும் உழுகலீங்க."

வார்டில் யாரோ சிரித்தார்கள். அவர் தோப்பில் கேள்விப்பட்டு அங்கிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியில் பாசிக் கறை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்துப்போன பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். பிரவீனின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மேனேஜர் எழுந்து அவரை மறித்தார். "உன்னைய யாரு வரச் சொன்னது? ஊட்டுக்குப் போ. வாயத் தெறந்தீன்னா உன்ர சர்வீசு போயிரும், தெரியுமா?"

"எத்தனை போகும்?"

"என்னய்யா?"

"எத்தனை வருசம் போகும்னு கேக்கறேனுங்க."

ஆறுமுகம் அவரைச் சுற்றிக்கொண்டு போய், போலீஸ்காரரின் முன்னால் நின்றார்.

"எழுதிக்கோங்க சார். இந்தப் பையன் எம்பட பேர்ல, எம்பட மரத்துலதான் ஏறினான். ரெண்டு வருசமாச்சு. உழுந்ததும் அவன்தான். அந்த ரெண்டு வருசத்த எங்கணக்குல இருந்து எடுத்துக்கச் சொல்லுங்க. பதினெட்டு வயசுல போட்டதெல்லாம் உள்ளயே கெடக்குது. அது என்னையப் பாத்துக்குமுங்க."